வான்கோழி என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் என் மக்களே, எல்லோருக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவு போதும். கையில் இருப்பது பதினைந்து நிமிடம். அதில் முக்கால்வாசியை எதிரணித் தம்பிக்கே கொடுத்தாக வேண்டும். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'இசை மேதையின் வாழ்க்கைப் படத்தில் பாப் பாடகி நடிப்பது அந்த மேதைக்குப் பெருமையா, சிறுமையா?' எங்கள் அணி பெருமை என்கிறது. இரண்டு அணியும் 1972ல் வந்த 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்' படத்தை வைத்தே பேசுகிறோம். மேதை, அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜாஸ் இசையின் பாடகி பில்லி ஹாலிடே. அவராக நடித்தவர் டயானா ராஸ். 'சுப்ரீம்ஸ்' என்ற மூன்று பெண்கள் குழுவில் பாடி, அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 12 முறை முதலிடம் பிடித்த பாப் நட்சத்திரம். அதற்கு முன் ஒரு சினிமாவிலும் கதாநாயகியாக நடித்தவரில்லை.

தம்பி என்ன சொன்னார்? "பில்லியைப் போலக் காதோரம் ஒரு வெள்ளைப் பூவைச் செருகிக்கொண்டால் பில்லி ஹாலிடே ஆகிவிட முடியுமா? கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி என்று ஔவை பாடினாளே, அந்த வான்கோழிதான் டயானா ராஸ்" என்றார். சொன்னதோடு விட்டாரா? மேடையிலேயே இரண்டு கையையும் விரித்து ஆடிக் காட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகவே ஆடினார்.

ஆனால் தம்பி, ஔவையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! வெண்பா வான்கோழியோடு முடியவில்லை. 'தானும் அதுவாகப் பாவித்துத் தானுந்தன் பொல்லாச் சிறகைவிரித் தாடினாற் போலுமே கல்லாதான் கற்ற கவி.' கடைசி அடியைக் கேட்டீர்களா? ஔவைக்குக் கோபம் அந்தக் கோழி மேல் இல்லை. கல்லாதவன் மேல். உழைக்காமல், கற்காமல், கற்றதுபோல் சபையில் வந்து நிற்கிறானே, அவன் மேல். அப்படியானால் நடுவர் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டயானா ராஸ் கற்றாரா, கல்லாதவரா?

அதைச் சொல்வதற்கு முன்னால் மயிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மயில் எங்கே ஆடக் கற்றது என்ற கதை.

பால்டிமோர் நகரம், 1920கள். அந்த ஊர் வீடுகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெள்ளைப் பளிங்குப் படிகள். படி பளிச்சென்று இருந்தால்தான் வீட்டுக்கு மரியாதை. நம் வீட்டு வாசலைப் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டால்தான் அம்மாவுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. சரி, யார் அந்தப் படிகளைத் தேய்ப்பது? எலியனோரா ஃபேகன் என்ற கறுப்பினச் சிறுமி. பின்னாளில் உலகம் பில்லி ஹாலிடே என்று அழைத்தது அந்தப் பிள்ளையைத்தான்.

1956ல் வந்த தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். ஒரு வீட்டுப் படி தேய்த்தால் ஐந்து சென்ட். பிள்ளை யோசித்தது. இப்படியே தேய்த்தால் எப்போது விடிவது? சொந்தமாக ஒரு பிரஷ் வாங்கியது. வாளி, துணி, சோப்பு எல்லாம் சொந்தம். கதவைத் தட்டியது. "பதினைந்து சென்ட்." வீட்டுக்காரி மலைத்துப்போனாள். "உங்கள் சோப்பு வேண்டாம், உங்கள் துணி வேண்டாம், எல்லாம் என்னிடம் இருக்கிறது. பதினைந்து கொடுங்கள்." பாருங்கள் அந்தப் பிள்ளையின் சாமர்த்தியத்தை! ஐந்து சென்ட் வேலைக்குப் பதினைந்து சென்ட் வாங்கிய பிள்ளை. ஒரு சென்ட் குறைத்து வாங்கச் சம்மதிக்காத பிள்ளை.

அந்தப் பிள்ளை ஒரே ஒரு வீட்டில் மட்டும் கூலி வாங்கவில்லை.

ஏன்? சொல்லுங்கள், ஏன்? முன்வரிசையில் ஓர் அம்மா, "சொந்தக்காரர் வீடா?" என்கிறார்கள். இல்லை தாயே. தெருமுனை வீடு அது. பெண்களை வைத்துத் தொழில் நடத்திய வீடு. அந்த வழியாகப் போகக்கூட நாலு பேர் யோசிக்கிற வீடு. அங்கே படி தேய்த்து, எடுபிடி வேலை செய்துவிட்டுப் பிள்ளை சொன்னது: காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னறையில் ஒரு விக்ட்ரோலா இருக்கிறதே, அந்தப் பாட்டுப்பெட்டியில் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தையும் கேட்க விடுங்கள். எனக்கு அது போதும்.

இன்னொரு முறை சொல்கிறேன், கேளுங்கள். முழங்காலில் உட்கார்ந்து தெரு முழுக்கப் படி தேய்க்கிறாள். எல்லா வீட்டிலும் பதினைந்து சென்ட். அந்த ஒரு வீட்டில் மட்டும் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாட்டுப்பெட்டி பக்கத்தில் நிற்கிறாள். இசைத்தட்டு சுற்றுகிறது. ஆம்ஸ்ட்ராங் பாடுகிறார். ஒரு பாட்டில் சொல்லே இல்லாமல், வெறும் ஒலியாகவே பாடுகிறார். சொல் இல்லாமலும் பாடலாமா என்று அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரிகிறது. அதே தட்டைக் கேட்டு ஒருநாள் அழுவாளாம். இன்னொரு நாள் அதே தட்டைக் கேட்டு மகிழ்ந்து போவாளாம். அதைக் கேட்ட நேரத்தில் எத்தனை படி தேய்த்திருக்கலாம், எத்தனை பதினைந்து சென்ட் சேர்த்திருக்கலாம்! பிள்ளை கணக்குத் தெரிந்த பிள்ளைதான். இருந்தும் காசு வேண்டாம் என்றது.

பின்னாளில் கேட்டார்கள், யாரிடம் கற்றீர்கள் என்று. பெஸ்ஸியின் பெரிய குரலும் லூயியின் உணர்ச்சியும் தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டதாகச் சொன்னார் பில்லி. அப்படியானால் தம்பி, உங்கள் மயில் யாரைப் பார்த்து ஆடியது? அதுவும் இரண்டு மயிலைப் பார்த்துத்தானே ஆடியது! பில்லி ஹாலிடே எந்த இசைப் பள்ளிக்கும் போனவரில்லை. இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. நீங்கள் ஔவையைக் கூப்பிட்டு டயானா ராஸை அடிக்கப் பார்த்தீர்கள். அந்த அடி போய் விழுந்தது யார் முதுகில்? படி தேய்த்துவிட்டு ஈரக் கையோடு நின்ற அந்தப் பிள்ளையின் முதுகில்.

அதற்கு நான் விடமாட்டேன். என் கையில் வள்ளுவர் இருக்கிறார். 'கற்றில னாயினுங் கேட்க அஃதொருவற்கு ஒற்கத்தின் ஊற்றாந் துணை.' படிக்க வாய்க்காவிட்டாலும் கேள். நீ தளர்ந்து விழப்போகும்போது அந்தக் கேள்வி ஊன்றுகோலாக நிற்கும் என்றார். கேட்பதும் கல்விதான் தம்பி. பில்லி கேட்டுக் கற்றார். டயானா ராஸும் கேட்டுக் கற்றார். ஜாஸ் தெரிந்து வந்தவரில்லை அவர். பில்லியின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதிலேயே மூழ்கி, அப்புறம் படத்தின் பாட்டெல்லாம் தானே பாடினார்.

பாடும்போது என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். மிமிக்ரி செய்யவில்லை. பில்லியின் அந்தக் கரகரப்பை, அந்த மூக்கொலியைப் போலவே கத்திக் காட்டி நம்மிடம் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பில்லி ஒரு வரியை எப்படிப் பிரிப்பார் என்பதை எடுத்துக்கொண்டார். பில்லியின் ரகசியமே அங்கேதான். தாளம் முன்னால் போய்க்கொண்டே இருக்கும்; அவர் அவசரப்படாமல் பின்னால் நடந்து வருவார். இனிமேல் பிடிக்க முடியாது என்று நாம் நினைக்கிற இடத்தில் வந்து சேர்ந்துவிடுவார். வீட்டில் எல்லோரும் கிளம்பி வாசலுக்குப் போன பிறகு அம்மா விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைசியில் வருவாளே, அந்த நடை. டயானா ராஸ் கேட்டுக் கற்றது அந்த நடையை. குரல் அவருடையதே. 'பொல்லாச் சிறகு' எங்கே இருக்கிறது இதில்?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், "முகச்சாயலே இல்லையே, டயானா ராஸ் ஒல்லிக்குச்சி, பில்லி வாட்டசாட்டம்" என்றார்கள். சாயல் பற்றியா பேசுகிறோம்? அதற்கும் பில்லியின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. கவுன்ட் பேசியின் இசைக்குழுவோடு 1937-38 காலத்தில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். டெட்ராய்ட் நகரத்து ஃபாக்ஸ் தியேட்டரில் ஒரு நிகழ்ச்சி. அரங்கத்துக்காரர்கள் பார்த்தார்கள். பில்லி கொஞ்சம் வெளிர் நிறம். பின்னால் வாசிப்பவர்கள் எல்லோரும் கறுப்பு ஆண்கள். மேடை விளக்கில் இவரை வெள்ளைக்காரி என்று யாராவது நினைத்துவிட்டால் கலவரமாகிவிடும் என்று பயந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாடச் சொன்னார்கள். கறுப்பினப் பெண்ணுக்கு, கறுப்பாகத் தெரிவதற்குச் சாயம்! பில்லி ஹாலிடே பில்லி ஹாலிடேயாக நிற்பதற்கே சாயல் போதவில்லை என்று சொன்ன உலகம் அது அம்மா. அந்த டெட்ராய்ட்டில்தான் சில வருடம் கழித்து, 1944ல் டயானா ராஸ் பிறந்தார். அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தார். அந்த ஊர்ப் பெண், பில்லியின் வேடத்தில் திரையில் வந்து நிற்கிறாள். மூக்கும் முழியும் பொருந்துகிறதா என்று நாம் அளவுகோலோடு நிற்க வேண்டுமா?

ஜாஸ் வேறு, பாப் வேறு என்றும் எதிரணி சொன்னது. இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1935 முதல் டெடி வில்சன் என்ற பியானோக் கலைஞரோடு சேர்ந்து பில்லி பதிவு செய்த பாட்டுகளில் பெரும்பகுதி அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டு, நாடகப் பாட்டு. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்காகவே பதிவு செய்தவை. அன்றைய பாப்தான் அது! அதை எடுத்து, அவர் வாயில் போட்ட பிறகு அது ஜாஸ் ஆனது.

பாலின் கேல் என்ற பெரிய விமர்சகரைத் தம்பி மேற்கோள் காட்டினார். 'ஜாஸுக்கும் அதைக் கெடுத்துச் செய்த பாப் இசைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எடுத்த படம்' என்று எழுதினார் என்றார். உண்மைதான், எழுதினார். ஔவையைப் பாதியில் நிறுத்திய தம்பி இவரையும் பாதியில் நிறுத்திவிட்டார். அதே விமர்சனத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். படம் முடிந்ததும் தன் குறிப்பேட்டில் இந்தப் படத்தை நேசிக்கிறேன் என்று எழுதிவைத்தாராம். குறையெல்லாம் தெரிந்தும் மனசு போய்விட்டது. இன்னொரு சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் அப்படித்தான்: இந்தப் பெண்ணால் முடியாது என்று நினைத்துக்கொண்டு போனவர், முதல் மூன்று நான்கு நிமிடத்திலேயே அந்த எண்ணம் துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டது என்று எழுதினார். அந்த முதல் நிமிடங்களில் திரையில் என்ன நடக்கிறது? டயானா ராஸ் என்றால் பளபளக்கும் கவுன், நீண்ட செயற்கை இமை என்று பார்த்துப் பழகியிருந்த உலகம் அது. படம் சிறையில் தொடங்குகிறது. தலை கலைந்து, அலறி, கையைக் கட்டும் பைத்தியக்காரச் சட்டைக்குள் திணிக்கப்பட்டு ஒரு பெண் கிடக்கிறாள். தன் அழகை வைத்துப் பிழைக்கும் ஒரு நட்சத்திரம், முதல் காட்சியிலேயே அந்த அழகைக் கழற்றிக் கீழே வைத்தார்.

படத்தில் வரலாற்றுப் பிழை உண்டு. நான் மறைக்கவில்லை. பல ஆண்களின் கதை ஒரே கணவருக்குள் போய்விட்டது. அவரையும் நல்லவராகக் காட்டிவிட்டார்கள். பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்த சாக்ஸஃபோன் மேதை லெஸ்டர் யங் படத்திலேயே இல்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. அதெல்லாம் எழுதியவர்கள், எடுத்தவர்கள் கணக்கு. நடித்தவர் மேல் ஏற்றாதீர்கள். ஐந்து ஆஸ்கர் பரிந்துரை, அதில் ஒன்று டயானா ராஸுக்கு, சிறந்த நடிகைக்கு. லிசா மினெல்லி வாங்கிப் போனார், போகட்டும். 2021ல் இன்னொரு படம் வந்தது. பில்லியாக நடித்தவர் ஆண்ட்ரா டே. அவரும் பாடகிதான், அதுதான் அவர் கதாநாயகியாக நடித்த முதல் படம். 'லேடி டே' மேல் உள்ள பக்தியில் தன் பெயரிலேயே 'டே' சேர்த்துக்கொண்டவர். அவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை. ஒரே மேதை, இரண்டு பாடகிகள், இரண்டு பேருமே அந்த வாசல் வரை போனார்கள். தம்பி, வான்கோழிகள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன என்று சொல்லிவிடாதீர்கள்.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் கொடுங்கள்.

என் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்தார். அட்டையில் தலையில் பூ வைத்த ஒரு பெண். டயானா ராஸ் என்று எழுதியிருந்தது. எங்கள் அம்மா இறந்த வருடம் அது. அந்தக் கேசட்டில் 'குட் மார்னிங் ஹார்ட்ஏக்' என்று ஒரு பாட்டு. மனவேதனையைப் பார்த்து, காலை வணக்கம், வந்துவிட்டாயா, சரி, உட்கார் என்று சொல்கிற பாட்டு. எனக்கு இங்கிலீஷ் அப்போது அரைகுறை. ஆனால் அந்தப் பாட்டு புரிந்தது. காலையில் எழுந்ததும் அடுப்படி காலியாக இருக்குமே, அந்த நேரத்துக்கு எழுதிய பாட்டு என்று புரிந்தது. தேய்ந்து நாடா அறுந்து போகிற வரைக்கும் கேட்டேன். அப்புறம் ஒருநாள் அண்ணன் சொன்னார்: "இதை முதலில் பாடியது வேறு ஒருத்தி. 1946லேயே பாடிவிட்டாள்." தேடிப் போனேன். அப்படித்தான் பில்லி ஹாலிடேயிடம் போய்ச் சேர்ந்தேன். நான் மட்டுமா? 1973 ஏப்ரலில் இந்தப் படத்தின் பாட்டுத்தட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பில்லியின் பெயரையே கேட்டிராத பிள்ளைகள் கடைக்குப் போய்ப் பில்லியின் பழைய தட்டுகளைத் தேடினார்கள். அந்த வீட்டுக்குள் போக எங்களுக்கெல்லாம் படி தேய்த்து வைத்தது யார்? டயானா ராஸ்.

1959 ஜூன். நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் மருத்துவமனை. பில்லிக்கு 44 வயது. ஈரலும் இதயமும் கெட்டுப் படுத்திருக்கிறார். படுக்கையில் வைத்தே போதைப்பொருள் வழக்கில் கைது செய்கிறார்கள். அறை வாசலில் போலீஸ் காவல். எழுந்து நடக்க முடியாத பெண்ணுக்குக் காவல்! அறையில் இருந்த பூக்களை எடுத்தார்கள், ரேடியோவை எடுத்தார்கள், பாட்டுப்பெட்டியையும் எடுத்துப் போனார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டுப்பெட்டி, ஐயா! எந்தப் பாட்டுப்பெட்டிக்காகக் கூலியே வேண்டாம் என்று அந்தப் பிள்ளை படி தேய்த்ததோ, அந்தப் பாட்டுப்பெட்டி. தளர்ந்தவருக்கு ஊன்றுகோல் என்றாரே வள்ளுவர், அந்த ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஜூலை 17ஆம் தேதி போய்விட்டார். உடம்போடு கட்டி வைத்திருந்த 750 டாலர் தவிர, வங்கியில் அவர் பெயரில் இருந்தது 70 சென்ட். பதினைந்து சென்ட் கணக்கில் பார்த்தால் ஐந்து வீட்டுப் படிக் கூலிகூட இல்லை.

அதே 1959ல்தான் டெட்ராய்ட்டில் 15 வயதுப் பெண் ஒருத்தி அக்கம்பக்கத்துத் தோழிகளோடு சேர்ந்து பாடத் தொடங்குகிறாள். அந்தக் குழுதான் பிறகு சுப்ரீம்ஸ். நியூயார்க்கில் அந்த அறையில் என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பதின்மூன்று வருடம் கழித்து அவள் காதோரம் ஒரு வெள்ளைப் பூவைச் செருகிக்கொண்டு வருகிறாள். இசைத்தட்டை வைக்கிறாள். முள்ளை இறக்குகிறாள். எடுத்துப் போன பாட்டுப்பெட்டி அந்தக் கட்டில் பக்கத்தில் மறுபடியும் பாடுகிறது.

மணி அடித்துவிட்டது. உட்காருகிறேன் ஐயா. வணக்கம்.